முத்துக்குளித்துறையில் ஒரு தொடர் ஆட்டம்: வரும் பருவங்களைத் திட்டமிடும் முறை

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்து, ஆளுக்கொரு கதைமாந்தரின் பொறுப்பை ஏற்று, பகடையின் துணையுடன் ஒரு மாயவுலகக் கதையைப் பேசிப் பேசியே நிகழ்த்தும் விளையாட்டு, கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியானதிலிருந்து உலகெங்கும் பரவியது. ஆட்டக்காரர்களின் மாந்தர் நீங்கலாக மற்ற அனைத்துக்கும், அதாவது ஊருக்கும் காற்றுக்கும் பகைவருக்கும் கடைக்காரருக்கும், குரல் கொடுப்பவர் நடத்துநர் எனப்படுகிறார். ஒரே மாந்தரைக் கொண்டு மாதக்கணக்காகவோ ஆண்டுக்கணக்காகவோ நீளும் ஆட்டம் தொடர் ஆட்டம் என்றும், அதில் ஒரே அமர்ந்திருப்பில் ஆடி முடிக்கும் பகுதி அமர்வு என்றும் இக்கட்டுரையில் குறிக்கப்படுகின்றன.

தொடர் ஆட்டம் ஒன்றைத் தொடங்குவதற்கு ஆர்வம் போதும். பத்துப் பதினைந்து அமர்வுகள் கடந்தபின், முடியாத பகைகளும் மறந்துபோன வாக்குறுதிகளும் பாதியில் நின்ற தேடல்களும் குவிந்து கிடக்கையில், அடுத்து எங்கே போவது என்று தீர்மானிப்பதற்குத்தான் முறை தேவைப்படுகிறது. அந்நிலையில் பெரும்பாலான நடத்துநர்கள் முழுக் கதையையும் முடிவு வரை எழுதிவிட முயல்கிறார்கள். ஆட்டக்காரர்கள் இரண்டாவது அமர்விலேயே வேறு பக்கம் திரும்பிவிடுவதால் அவ்வளவு உழைப்பும் வீணாகிறது. நடத்துநர் முன்கூட்டி அறிந்திருக்க வேண்டியவை, ஆட்டத்தின் நாயகர்களைச் சுற்றியுள்ளோர் எதை விரும்புகிறார்கள் என்பதும், யாரும் தடுக்காவிட்டால் அவ்விருப்பம் எந்த மாதத்தில் நிறைவேறும் என்பதும்தான். நாயகர்கள் என்ன செய்வார்கள் என்பதை ஆட்டக்காரர்களிடமே விட்டுவிடலாம்.

இம்முறையை விளக்குவதற்குத் தூத்துக்குடிக்குத் தெற்கே, திருச்செந்தூரைக் கடந்து அமைந்த மணப்பாட்டுக் கரை களமாகக் கொள்ளப்படுகிறது. கடலுக்குள் நீளும் உயர்ந்த மணல்முனை, அதன் அடியில் அலையோரத்துக் குகை, பின்புறம் கருமேனியாற்றின் முகத்துவாரம், அதற்கப்பால் பனங்காடும் செம்மணல் தேரியும் என்று ஒரு நாள் நடைக்குள் இத்தனை வேறுபட்ட நிலங்கள் அமைந்த ஊர் மாயவுலக ஆட்டத்துக்கு எளிதில் கிடைப்பதில்லை. காலமாக 1544-ஆம் ஆண்டின் கோடை எடுத்துக்கொள்ளப்படுகிறது. பரதவர் பெருந்தொகையாகக் கிறித்துவத்தைத் தழுவி ஏழெட்டு ஆண்டுகளே கடந்திருந்தன. 1542-இல் இக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தார். முத்துக்குளிப்பின் வருவாயை நோக்கிப் பல அதிகாரங்கள் ஒரே நேரத்தில் கை நீட்டின. ஆட்டத்தில் ஒரு குளியாளி, காயல்பட்டினத்து வணிகர் வீட்டு இளைஞர், மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுபவராக நம்பப்பட்ட கடல்கட்டி ஒருவரின் மகள், உடன்குடிப் பக்கத்துப் பனையேறி என நான்கு கற்பனை மாந்தர் இருப்பதாகவும், அவர்கள் ஒரு முத்துக்குளிப்புப் பருவத்தை ஆடி முடித்துவிட்டதாகவும் கொள்ளலாம்.

முதலில் செய்ய வேண்டியது கணக்கெடுப்பு. இதுவரை நடந்த அமர்வுகளின் குறிப்புகளை வாசித்து, விடை காணாத கேள்விகள், நாயகர்கள் பிறருக்குக் கொடுத்த வாக்குகள், பிறர் நாயகர்களுக்குப் பட்ட கடன்கள் ஆகியவற்றைத் தனித்தனியே எழுத வேண்டும். சம்மாட்டியிடம், அதாவது தோணியின் உடைமையாளரிடம், குளியாளி பெற்ற முன்பணம் திரும்பவில்லை என்பது கடன். குகைக்குள் கேட்ட குரல் யாருடையது என்பது கேள்வி. கடல்கட்டியின் மகள் தன் தந்தையின் மந்திரத்தை வேறெவருக்கும் கற்பிப்பதில்லை என்று சொன்னது வாக்கு. இப்பட்டியல் முப்பது வரிகளுக்கு நீண்டாலும் அஞ்ச வேண்டியதில்லை. ஆட்டக்காரர்கள் தாமாகவே மீண்டும் பேச்சில் எடுத்தவற்றுக்கு அருகே ஒரு குறியிட்டால், அக்குறி விழுந்த ஐந்தாறு வரிகளே வருங்காலத்தின் முதல் எலும்புக்கூடாக அமையும். குறி விழாதவற்றைக் கூச்சமின்றிக் கைவிடலாம், அவற்றை எழுத நடத்துநர் ஓர் இரவு முழுவதும் கண்விழித்திருந்தாலும்கூட.

அடுத்து ஆட்டக்காரர்களிடம் நேரடியாகக் கேட்க வேண்டும். ஆட்டம் தொடங்குமுன் எதிர்பார்ப்புகளைப் பேசிக்கொள்ளும் கூட்டத்தைப் பூச்சிய அமர்வு என்பது வழக்கம். அதை நடுவழியிலும் ஒருமுறை கூட்டுவது நன்று. ஒவ்வொருவரும் தம் மாந்தர் வரும் ஆண்டில் அடைய விரும்பும் ஒன்றையும், இழக்க அஞ்சும் ஒன்றையும் சொன்னால் போதும். ரான் எட்வர்ட்ஸ் முன்வைத்த ‘கோடுகளும் திரைகளும்’ என்ற ஏற்பாட்டின்படி, ஆட்டத்தில் அறவே வரக்கூடாதவை கோட்டுக்கு அப்பால் நிறுத்தப்படுகின்றன. நிகழலாம், ஆனால் விவரிக்க வேண்டாம் என்பவை திரைக்குப் பின்னால் வைக்கப்படுகின்றன. மணப்பாட்டைப் போன்ற களத்தில் இவ்வேற்பாடு இரட்டிப்பாகத் தேவைப்படுகிறது. ஏனெனில் இக்கதையில் வரும் சமூகங்கள் இன்றும் அதே கரையில் வாழ்கின்றன, அவர்களின் வழிபாடும் உயிருடன் இருக்கிறது. பரதவரையோ காயல்பட்டினத்து மரக்காயர்களையோ முழுமையாக வில்லன்களாக்குவது சோம்பேறித்தனமான வழி. முத்துக்குளிப்பில் இரு சாராருமே குளித்தும் வணிகம் செய்தும் ஒருவரையொருவர் சார்ந்திருந்தார்கள் என்பதே கதைக்கும் வளமான செய்தி. சவேரியாரைப் பொறுத்தவரை, அவரை நடத்துநர் குரல் கொடுத்துப் பேசவைக்காமல், அவர் நேற்று இவ்வூரைக் கடந்தார், நாளை அவ்வூருக்குக் கடிதம் அனுப்புவார் என்று செய்தியளவில் நிறுத்துவது நல்லது; மக்கள் புனிதராக வணங்கும் ஒருவரைப் பகடைக்கு உட்படுத்தினால் மேசையில் உள்ள யாராவது ஒருவர் மௌனமாகிவிடுவார்.

மூன்றாவது படியே இம்முறையின் உயிர்நிலை, ஆகவே இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். களத்தில் செல்வாக்குள்ள ஒவ்வொரு தரப்புக்கும் மூன்று வரிகள் எழுதப்படுகின்றன: அத்தரப்பு விரும்புவது என்ன, அதற்கு அதன் கையில் உள்ள கருவி என்ன, யாரும் குறுக்கிடாவிட்டால் என்ன நடக்கும். 1544-இன் கரையில் இத்தகைய தரப்புகளைக் கற்பனை செய்யவே வேண்டியதில்லை. கயத்தாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட வெட்டும்பெருமாளும் வேணாட்டு அரசர் உண்ணி கேரளவர்மரும் இக்கரையின் வரிக்காக மோதிக்கொண்டிருந்தார்கள். வடக்கிலிருந்து விஜயநகரத்தின் வடுகப் படை கீழிறங்கிக்கொண்டிருந்தது. தூத்துக்குடியில் இருந்த போர்த்துக்கீசியக் கேப்டன் கோஸ்மே த பாய்வா, கரைமக்களைக் காக்க வேண்டிய பொறுப்பில் இருந்துகொண்டே குதிரை வணிகத்தில் ஈடுபட்டிருந்ததைச் சவேரியாரின் கடிதங்கள் கண்டிக்கின்றன. ஊர்களுக்குள்ளே பட்டங்கட்டி எனப்படும் ஊர்த்தலைவர்களும் அவர்களுக்கு மேல் சாதித்தலைவரும் இருந்தார்கள். இவர்களில் எவரும் தீமைக்காகத் தீமை செய்பவர் அல்லர். பாதுகாக்க வந்தவரே பகைவருக்குக் குதிரை விற்கிறார் என்ற ஒரே செய்தியில், பூதங்களை விடக் கடினமான சிக்கல் ஒன்று ஆட்டக்காரர்களுக்குக் காத்திருக்கிறது. குதிரை போகாவிட்டால் கேப்டனின் கடன் அடையாது, குதிரை போனால் கரை எரியும்.

இவ்விருப்பங்களைக் காலத்தில் பொருத்துவதற்குக் ‘கடிகாரம்’ என்ற உத்தி உதவும். வின்சென்ட் பேக்கரின் ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ ஆட்டத்திலும் பின்னர் ஜான் ஹார்ப்பரின் ‘பிளேட்ஸ் இன் தி டார்க்’ ஆட்டத்திலும் புகழ்பெற்ற இவ்வுத்தியில், காகிதத்தில் ஒரு வட்டம் வரைந்து நான்கு, ஆறு அல்லது எட்டுக் கூறுகளாகப் பிரித்து, ஓர் ஆபத்து ஒவ்வொரு படி நெருங்கும்போதும் ஒரு கூறு நிழலிடப்படுகிறது. வட்டம் நிறைந்தால் ஆபத்து நிகழ்ந்துவிட்டது என்று பொருள். வடுகப் படைக்கு ஆறு கூறுகள் கொண்ட கடிகாரம் வரைந்தால், உள்நாட்டில் குதிரைகள் திரளுவது முதல் கூறு. வரி கேட்டு ஓலை வருவது இரண்டாவது. தேரியோர ஊர்களில் ஆடுமாடுகள் பிடிபடுவது மூன்றாவது. தென்கரைக் குடிசைகள் எரிவது நான்காவது. மக்கள் குமரிமுனைப் பாறைகளில் ஒளிந்து பட்டினி கிடப்பது ஐந்தாவது. கருமேனியாற்று முகத்துவாரத்தில் படை வந்து நிற்பது ஆறாவது. கதைக்குள் ஒரு மாதம் கழியும்போதெல்லாம் ஒரு கூறு நிழலிட வேண்டும். நாயகர்கள் குதிரைகளை மறித்தால் ஒரு கூறு அழியும், அவர்கள் வேறு வேலையில் மூழ்கினால் இரண்டு கூறுகள் நிறையும். ஒரே சமயத்தில் மூன்று கடிகாரங்களுக்கு மேல் ஓடவிடக்கூடாது. நான்காவதை ஆட்டக்காரர்கள் மறந்துவிடுவார்கள், நடத்துநரும் மறந்துவிடுவார். நிழலிடும் ஒவ்வொரு முறையும் அதன் அடையாளம் ஒன்று, அதாவது ஓர் ஓலையோ ஒரு புகைமூட்டமோ, ஆட்டக்காரர்களின் கண்ணில் படும்படி காட்டப்படுவது கட்டாயம். முன்னறிவிப்பில்லாத பேரழிவை எந்த மேசையும் மன்னிப்பதில்லை.

கடிகாரங்கள் தயாரானபின் அவற்றைக் கடலின் ஆண்டுச் சுழற்சியில் வைக்க வேண்டும். மணப்பாட்டுக் கரையில் நாட்காட்டியை எழுதுவது காற்று. வாடைக்காலம் ஓய்ந்து கடல் தெளிந்து கிடக்கும் மார்ச் முதல் மே வரையிலான மாதங்களே முத்துக்குளிப்புக்கு ஏற்றவை. ஜூன் முதல் கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று ஓங்கித் தோணிகளின் போக்கைக் கட்டுப்படுத்துகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 1544 ஜூனில் குமரிமுனைப் பாறைகளில் பசியால் வாடியவர்களுக்கு உதவ, சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளுடன் புறப்பட்டதும், எதிர்க்காற்றில் துடுப்பு வலித்தும் கயிறு கட்டி இழுத்தும் முனையை அடைய முடியாமல் திரும்பியதும், பின்னர் தரைவழியே நடந்து போனதும் அவருடைய கடிதங்களில் பதிவாகியுள்ளன. ஆட்டம் நடத்துபவருக்கு இந்நிகழ்ச்சி ஓர் அமர்வின் முழு வரைபடத்தையே தருகிறது: இருபது தோணி உணவு, எட்டும் தொலைவில் பட்டினி, நடுவே கச்சான். எதிரி ஒருவர்கூட இல்லாமலே நான்கு மணி நேரம் ஆட முடியும். காற்று தணியும் வரை காத்திருப்பதா, பாதி உணவைத் தலைச்சுமையாகத் தேரி வழியே கொண்டுபோவதா, காற்றைக் கட்டும் வித்தை தெரிந்தவரிடம் கடன்படுவதா என்று ஆட்டக்காரர்களே மோதிக்கொள்வார்கள்.

ஆண்டை அலகாகக் கொண்டு ஆடும் முறைக்குச் சிறந்த முன்மாதிரி, கிரெக் ஸ்டாஃபோர்டு 1985-இல் வெளியிட்ட ‘பென்ட்ராகன்’. ஆர்தர் மன்னர் கதையை ஒட்டிய அவ்வாட்டத்தில் பெரும்பாலும் ஓர் ஆண்டுக்கு ஒரு சாகசமே நிகழும். அதன்பின் வரும் குளிர்காலப் பகுதியில் திருமணம், பிள்ளைப்பேறு, நிலத்தின் விளைச்சல், முதுமை ஆகியவை பகடையால் தீர்க்கப்படும். மணப்பாட்டில் குளிர்காலத்தின் இடத்தை வடகிழக்குப் பருவமழைக்குக் கொடுக்கலாம். தோணிகள் கரையேறிக் கிடக்கும் அந்த மூன்று மாதங்களில் கடன் தீர்ப்பது, வலை முடைவது, பெண் கேட்பது, காயம் ஆறுவது எல்லாம் அரை மணி நேரத்தில் ஆடி முடிக்கத்தக்கவை.

முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடந்த ஒன்றன்று என்பதை இங்கே கணக்கில் கொள்ள வேண்டும். பார் எனப்படும் கடலடிப் பாறைத்திட்டுகளில் சிப்பி செழிப்பதும் காரணம் எளிதில் புலப்படாமல் அழிந்துபோவதும் மாறி மாறி நிகழ்ந்ததால், பல ஆண்டுகள் தொடர்ந்து சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடைபெறாமலே போனதுண்டு. தூத்துக்குடிப் பகுதியில் 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புக்குப் பிறகு அத்தகைய பெருங்குளிப்பு மீண்டும் நடக்கவில்லை. 1544-க்குப் பிந்தைய நூற்றாண்டுகளில், பருவத்துக்கு முன்பே பார்களிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, முத்தின் மதிப்பைக் கணித்த பிறகே சலாபம் அறிவிக்கப்பட்டது. இந்நடைமுறையை அப்படியே ஆட்டவிதியாக்கலாம். பருவமழை முடிவில் இரண்டு அறுமுகப் பகடைகளை எல்லோர் முன்னிலையிலும் உருட்டி, கூட்டுத்தொகை ஆறு அல்லது அதற்குக் கீழ் வந்தால் அவ்வாண்டு சலாபம் இல்லை என்றும், ஏழு முதல் ஒன்பது வரை வந்தால் சிறு சலாபம் என்றும், பத்து அல்லது அதற்கு மேல் வந்தால் பெருஞ்சலாபம் என்றும் வகுத்தால், முப்பத்தாறு வாய்ப்புகளில் பதினைந்தில் வறட்சியும் பதினைந்தில் சிறு வருவாயும் ஆறில் மட்டுமே செழிப்பும் கிடைக்கும். சலாபம் இல்லாத ஆண்டில் கதை நின்றுவிடும் என்று கருதுவது தவறு. சம்மாட்டி கடனைக் கேட்கும் ஆண்டும், இளைஞர்கள் சங்கு குளிக்கப் போகும் ஆண்டும், எந்தத் தரப்பு யாருக்கு அரிசி கொடுக்கிறது என்பது அரசியலாக மாறும் ஆண்டும் அதுவே.

மாயத்தை எங்கே வைப்பது என்பது நான்காவது முடிவு. களம் முழுவதும் மந்திரத்தைத் தூவுவதை விட, மக்கள் உண்மையிலேயே நம்பிய ஒன்றை எடுத்து அது மெய்யாகவே பலிக்கிறது என்று கொள்வது வலுவானது. குளியாளிகள் சுறாவின் வாயைக் கட்டும் கடல்கட்டி கரையில் இல்லாமல் நீரில் இறங்க மறுத்தார்கள் என்றும், நம்பிக்கை இல்லாத பிரிட்டிஷ் அதிகாரிகளே அவருக்கு ஊதியம் கொடுத்து அமர்த்தினார்கள் என்றும் பதிவுகள் உண்டு. ஆட்டத்தில் அம்மந்திரம் வேலை செய்வதாகவும், ஆனால் கட்டப்பட்ட பசி எங்கோ ஓரிடத்தில் சேர்ந்துகொண்டே போவதாகவும் வைத்தால், இரண்டாவது கடிகாரம் தானாகவே கிடைத்துவிடுகிறது. அதன் ஒவ்வொரு கூறும் ஒரு சலாப நாளால் நிறையும். பெருஞ்சலாபம் வந்த ஆண்டே பேராபத்து நெருங்கிய ஆண்டாகவும் அமையும். கல்லைக் காலில் மாட்டிக் கயிற்றுடன் இறங்கும் குளியாளி ஏறத்தாழ ஒரு நிமிடமோ சற்றுக் கூடுதலாகவோ மூச்சடக்குகிறார் என்பதால், குளிப்புக் காட்சிகளை மேசையில் ஒரு மணற்கடிகாரத்தை வைத்து அந்த ஒரு நிமிடத்துக்குள் ஆட்டக்காரர் முடிவெடுக்க வேண்டும் என்று நடத்துவது, நீண்ட வர்ணனை தராத பதற்றத்தைத் தரும். கிடைத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளிப்பவர்களுக்கு என்ற பிற்கால வழக்கத்தைக் கடைப்பிடித்தால், மீதி இரு பங்கு யாருக்கு என்ற சண்டை ஒவ்வொரு பருவத்திலும் புதிதாகப் பிறக்கும்.

இடங்களைத் தயாரிப்பதில் சிக்கனம் நல்லது. அடுத்த அமர்வில் நாயகர்கள் நடந்தோ தோணியிலோ எட்டக்கூடிய இடங்களுக்கு மட்டும், ஓரிடத்துக்கு மூன்று வரிகள் எழுதினால் போதுமானது: மணப்பாட்டு முனையும் குகையும் ஒரு பக்கம், குலசேகரன்பட்டினத்துத் துறை ஒரு பக்கம், வடக்கே திருச்செந்தூரும் காயல்பட்டினமும் தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலும் தொலைவில். முனையின் மேல் இன்று நிற்கும் திருச்சிலுவைக் கோயில் 1581-இல் எழுந்தது, கலங்கரை விளக்கமோ மிகப் பிற்பட்டது. 1544-இன் காட்சியில் அவ்விரண்டும் இடம்பெறக் கூடாது. பேச்சுவழக்குக்கும் கடல்சொற்களுக்கும், 2013-ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்ற ஜோ டி குருஸின் ‘கொற்கை’ நாவலை வாசிப்பது பயன்தரும். அது இருபதாம் நூற்றாண்டின் தூத்துக்குடியைப் பேசினாலும் கடலில் சொற்கள் மெதுவாகவே மாறுகின்றன.

மறைபொருள்கள் இருந்தால் அவை வெளிப்படுவதற்கு ஒற்றை வழியை நம்பக்கூடாது. ஆட்டக்காரர்கள் அறிய வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று தடயங்களை வெவ்வேறு இடங்களில் வைக்க வேண்டும் என்ற ஜஸ்டின் அலெக்ஸாண்டரின் விதி இங்கே போதும். ஒன்றைத் தவறவிடுவார்கள், ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது கைகொடுக்கும். கேப்டனின் குதிரை வணிகம் வெளிப்பட வேண்டுமானால், பனங்காட்டில் புதிய குளம்புத் தடமும், கணக்கர் ஒருவரின் கணக்கோலையும், சாராயக்கடையில் ஒரு மாலுமியின் உளறலும் தயாராக இருக்கட்டும்.

இத்தனையும் முடிந்தபின் ஒவ்வோர் அமர்வுக்கும் தேவைப்படுவது ஒரே பக்கம்: எந்த மாதம், எந்தக் காற்று, எந்தக் கடிகாரத்தில் எத்தனை கூறுகள், முதல் காட்சியில் கதவைத் தட்டுபவர் யார், அவர் கேட்பது என்ன. அமர்வின் நடுப்பகுதி வெறுமையாகவே இருக்கட்டும். அமர்வு முடிந்த இரவிலேயே கடிகாரங்களை நிழலிட்டு, புதிய வாக்குகளையும் கடன்களையும் முதற்பட்டியலில் சேர்த்து, அடுத்த முறை எங்கே போக விரும்புகிறீர்கள் என்று ஆட்டக்காரர்களைக் கேட்டுவிட்டால், அடுத்த பக்கத்துக்கான பாதி வேலை முடிந்துவிடும்.

எஞ்சுவது ஆட்டத்தின் எல்லை. எத்தனை சலாபங்கள் வரை ஆடுவது என்பதை மேசையில் உள்ள அனைவரும் சேர்ந்து முடிவுசெய்ய வேண்டும். மூன்று பெருஞ்சலாபங்கள் என்று வைத்தால், பகடையின் போக்கைப் பொறுத்து கதைக்குள் பதினைந்து இருபது ஆண்டுகள்கூட ஓடக்கூடும். அதற்குமேலும் ஆட விரும்பும் குழு ‘பென்ட்ராகன்’ காட்டிய வழியில் மாந்தரின் பிள்ளைகளை ஏற்று, காலத்தைத் தாவவிடலாம். போர்த்துக்கீசியர் மன்னாரில் கோட்டை கட்டிய 1560, என்ரீக்கே என்ரீக்கஸின் ‘அடியார் வரலாறு’ தமிழ் எழுத்தில் புன்னைக்காயலில் அச்சான 1586, டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைக் கைப்பற்றிய 1658 ஆகியவை தாவி நிற்பதற்கு ஏற்ற ஆண்டுகள். ஒவ்வொரு தாவலின் போதும் முதற்பட்டியலில் மீந்திருக்கும் கடன்களும் வாக்குகளும் மட்டும் வட்டியுடன் அடுத்த தலைமுறையின் தாளுக்கு மாற்றப்படுகின்றன. பொன்னும் முத்தும் மாற்றப்படுவதில்லை.